புத்தகம் எங்கே இருக்கிறது?

கொல்கத்தாவில் கரியாஹாட் என்று ஓர் இடம் இருக்கிறது. நான்கு பெரிய சாலைகள் கூடும் சந்திப்பு அது. மேலே மேம்பாலம். கீழே நடைபாதை முழுவதும் கடைகள். புடவை, செருப்பு, வளையல், பாத்திரம், மீன், காய்கறி எல்லாம் கிடைக்கும். அங்கிருந்து மேற்கே லேக் மார்க்கெட் பக்கம் நடந்தால் நடுநடுவே தமிழ்ப் பேச்சும் காதில் விழும். பல தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி.

அங்கே இட்லி விற்கும் அக்கா ஒருவர் எங்கள் மாலை வகுப்பில் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தவர், எட்டு மாதத்தில் பஸ் பலகை, மருந்துச் சீட்டு எல்லாம் படிக்கத் தொடங்கிவிட்டார். ஒருநாள் என்னிடம் கேட்டார்:

“தம்பி, அல்லி அரசாணி மாலை புத்தகம் கிடைக்குமா? எங்க தாத்தா ராத்திரியில பாடுவாரு. நாங்க சுத்தி உட்கார்ந்து கேட்போம். இப்ப அதை நானே படிச்சுப் பார்க்கணும்.”

மதுரையை ஆண்ட அல்லி ராணியின் கதை அது. அருச்சுனன் அவளை மணந்த கதை. புகழேந்திப் புலவர் பாடியது என்று சொல்வார்கள். ‘பெரிய எழுத்து’ என்று மேலே போட்டு, கண்ணுக்குத் தெளிவாக அச்சடித்த புத்தகமாக அது ஊர் ஊராக விற்றது. அக்கா ஆசைப்பட்டதில் தவறே இல்லை. ஆனால் கொல்கத்தாவில் அதை எங்கே தேடுவது?

கடைக்காரரின் தலையும் பெரிய நூலகமும்

கரியாஹாட்டுக்குத் தெற்கே கொஞ்சம் நடந்தால் கோல்பார்க் வரும். அங்கே நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. புத்தகங்கள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்கும். பெயரைச் சொன்னால் கடைக்காரர் யோசிக்கவே மாட்டார். அடுக்கின் நடுவில் கையை விட்டு இழுத்துக் கொடுப்பார். எது எங்கே இருக்கிறது என்பது அவர் தலையில் இருக்கிறது. அவர் ஊருக்குப் போய்விட்டால், கடையில் உட்காரும் தம்பிக்கு ஒன்றும் தெரியாது!

அதே கொல்கத்தாவில், அலிப்பூரில், தேசிய நூலகம் இருக்கிறது. கரியாஹாட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம்தான். பழைய பெல்வெடேர் மாளிகையும் அதைச் சுற்றிய பெரிய தோட்டமும் அதன் இடம். 1836-இல் தொடங்கிய கல்கத்தா பொது நூலகம் இதன் வேர். 1891-இல் வெள்ளைக்கார அரசு தன் அலுவலக நூலகங்களைச் சேர்த்து இம்பீரியல் நூலகம் அமைத்தது. 1903-இல் கர்சன் பிரபு இரண்டையும் ஒன்றாக்கிப் பொதுமக்களுக்குத் திறந்தார். விடுதலைக்குப் பிறகு, 1948-இல், ‘தேசிய நூலகம்’ என்று பெயர் மாறியது. பெல்வெடேரில் 1953 பிப்ரவரி 1-ஆம் தேதி கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அதைத் திறந்துவைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை உருவாக்கிய வையாபுரிப் பிள்ளை சேர்த்துவைத்த புத்தகங்களும் அங்கேதான் இருக்கின்றன. தமிழ் அங்கே விருந்தாளி இல்லை, வீட்டுப் பிள்ளை.

அந்த நூலகத்தில் 20 லட்சத்துக்கு மேல் புத்தகங்கள் உள்ளன. இது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு புத்தகத்தின் அட்டையைப் பார்க்கிறீர்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பார்க்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை. அப்படிப் பார்த்தாலும் முடிக்கப் பதினொரு வருடத்துக்கு மேல் ஆகும்.

இன்னொன்றும் உண்டு. இவ்வளவு பெரிய நூலகத்தில் நாமே அலமாரிக்குள் போய்த் தேட முடியாது. வேண்டிய புத்தகத்தின் எண்ணைச் சீட்டில் எழுதித் தரவேண்டும். ஊழியர் எடுத்து வருவார். எண் தெரியாவிட்டால்? புத்தகம் உள்ளே இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அந்த எண்ணைத் தருவது நூல்பட்டியல்.

பட்டியலில் என்ன இருக்கும்?

புத்தகத்தின் பெயர், எழுதியவர், அச்சிட்ட ஊர், ஆண்டு, எத்தனை பக்கம், எதைப் பற்றியது, எந்த அலமாரி என்பதற்கு ஓர் எண். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி புத்தகத்துக்கு அந்த எண்.

முன்பு இவற்றைச் சிறு அட்டைகளில் எழுதி மர இழுப்பறைகளில் வரிசையாக அடுக்குவார்கள். ஒரு புத்தகத்துக்கு ஓர் அட்டை போதாது. எழுத்தாளர் பெயரில் ஒன்று, புத்தகத்தின் பெயரில் ஒன்று, பொருளின் பெயரில் ஒன்று வேண்டும். புத்தகம் ஒரு லட்சம் என்றால் அட்டை மூன்று லட்சம். ஓர் அட்டை இடம் மாறி நுழைந்துவிட்டால் அது அகப்படப் பல வருடம் ஆகலாம்.

இப்போது பட்டியல் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இன்டர்நெட் வழியாக வீட்டிலிருந்தே செல்போனில் பார்க்கலாம். ஆனால் அட்டை தானாகக் கம்ப்யூட்டருக்குள் ஏறாது. யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றவேண்டும். அது சாதாரண வேலை இல்லை. ஏற்றாத புத்தகம் பழைய அட்டையில் மட்டும் கிடக்கும். செல்போனில் தேடுபவர் “இல்லை” என்று நினைத்துப் போய்விடுவார்.

ஊருக்கெல்லாம் ஒரே பட்டியல்

நம் நாட்டில் 1954-இல் ஒரு சட்டம் வந்தது. புத்தகம் வெளியிடுகிறவர்கள் 30 நாளுக்குள் ஒரு பிரதியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்குத் தங்கள் செலவில் அனுப்பவேண்டும். சென்னை கன்னிமாரா நூலகம் உட்பட வேறு மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி தரவேண்டும். தராவிட்டால் 50 ரூபாய் வரை அபராதம், அதோடு புத்தகத்தின் விலை என்று சட்டத்தில் எழுதினார்கள். இன்றைக்கு 50 ரூபாய்க்குப் புத்தகம் கிடைப்பதே அபூர்வம். அந்தப் பயத்துக்காக யாரும் அனுப்பப்போவதில்லை என்பது என் எண்ணம்.

அப்படி வந்து சேரும் புத்தகங்களை வைத்து நாடு முழுவதற்குமான ஒரு பட்டியல் தயாரித்தார்கள். ‘இந்திய தேசிய நூற்பட்டியல்’ என்று பெயர். 1958 முதல் ஆண்டுத் தொகுதிகளாக வந்தது. தமிழ், வங்காளம், இந்தி, உருது என்று 14 மொழிப் புத்தகங்கள் அதில் இடம்பெற்றன. இதற்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் தேசிய நூலகராக இருந்த பி. எஸ். கேசவன். அவர் 1909-இல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர்.

ஒரே பட்டியலை ஏன் பலர் சேர்ந்து வைத்துக்கொள்ளவேண்டும்? ஒரு புத்தகம் நூறு நூலகங்களில் இருக்கிறது. நூறு பேரும் தனித்தனியாக அதற்குக் குறிப்பு எழுதினால் நூறு பேர் உழைப்பு. ஒருவர் எழுதி மற்றவர்கள் எடுத்துக்கொண்டால் ஒருவர் உழைப்புப் போதும். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 1901-லேயே அச்சடித்த அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. 1971-இல் அதே நாட்டில் ஒஹையோ மாநிலத்து நூலகங்கள் கம்ப்யூட்டர் மூலம் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொண்டன. நம் நாட்டில் பல்கலைக்கழக நூலகங்களுக்காக இன்ட்கேட் என்ற கூட்டுப் பட்டியல் இருக்கிறது. குஜராத் மாநிலம் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் அதை நடத்துகிறது. எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று அதில் தேடலாம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒருவர் சரியாக எழுதினால் நூறு இடத்திலும் சரி. ஒருவர் தப்பாக எழுதினால் அந்தத் தப்பும் நூறு இடத்துக்குப் போகும்.

பெயர் மாறினால் ஆள் மாறுமா?

ரேஷன் கார்டில் பெயர் தப்பாகிப் போய் அலைந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! வங்காள எழுத்தில் நம்முடைய ‘வ’ இல்லை. அதனால் வள்ளி என்ற பெண்ணின் பெயர் ‘பல்லி’ மாதிரி ஆகிவிடுவதும் உண்டு. கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றால் கொடுக்கிற இடத்தில் “நீங்கள் வேறு ஆள்” என்பார்கள்.

புத்தகத்துக்கும் இதே கஷ்டம்தான். இந்திய தேசிய நூற்பட்டியலில் 14 மொழிப் புத்தகங்களையும் ஒரே வரிசையில் கொண்டுவர, எல்லாப் பெயரையும் ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். நம் ழ, ள, ற, ண எல்லாவற்றுக்கும் கீழே புள்ளி, கோடு போட்டு வேறுபடுத்தினார்கள். நூலகருக்கு இது வசதி. படிக்க வருகிறவருக்கு வசதியா? திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் எழுதுகிறவர் ‘தி’ என்பதற்கு டி, ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்துப் போடுவார். நாமோ டி, எச், ஐ என்று மூன்று போட்டுப் பழகியவர்கள். நாம் அப்படித் தேடினால் கம்ப்யூட்டர் “இல்லை” என்றே சொல்லிவிடலாம். திருக்குறளே இல்லாத தமிழ் நூலகமா! புத்தகம் இருக்கிறது. ஓர் எழுத்துத்தான் வழியை மறிக்கிறது.

எழுத்தாளர் பெயரும் அப்படியே. சுப்பிரமணிய பாரதி, சி. சுப்பிரமணிய பாரதியார், மகாகவி பாரதியார், பாரதி. எல்லாம் ஒருவரே. புதுமைப்பித்தனின் சொந்தப் பெயர் சொ. விருத்தாசலம். நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் நூலகர்கள் பெயர்களுக்கென்று தனியாக ஒரு பதிவேடு வைப்பார்கள். இந்தப் பெயர்கள் எல்லாம் இந்த ஒருவரையே குறிக்கும் என்று அதில் எழுதிவைப்பார்கள். அதன் பிறகு எந்தப் பெயரைப் போட்டுத் தேடினாலும் எல்லாப் புத்தகமும் சேர்ந்து வரும்.

பட்டியலைப் புதுப்பிப்பது என்றால் பெரும்பாலும் இந்த வேலைதான். புதுப் புத்தகம் சேர்ப்பது ஒரு பங்கு. ஒரே புத்தகத்துக்கு இரண்டு குறிப்பு இருந்தால் ஒன்றாக்குவது, தப்பைத் திருத்துவது, பெயர்களை இணைப்பது எல்லாம் மீதி. வெளியே யாருக்கும் தெரியாத வேலை. பாராட்டுக் கிடைக்காத வேலை.

தேடும்போது கம்ப்யூட்டர் அலமாரிக்குப் போய்ப் பார்ப்பதில்லை. குறிப்புகளில் உள்ள சொற்களை எடுத்து அது ஒரு சொல்வரிசை செய்து வைத்திருக்கும். அந்த வரிசையில்தான் தேடும். குறிப்பை ஏற்றினாலும் சொல்வரிசையைப் புதுப்பிக்காவிட்டால் புதுப் புத்தகம் கண்ணில் படாது. தமிழில் இங்கே இன்னொரு சிக்கல். நாம் சொற்களைச் சேர்த்தும் எழுதுவோம், பிரித்தும் எழுதுவோம். ‘அல்லி அரசாணி மாலை’ என்றால் மூன்று சொல். ‘அல்லியரசாணிமாலை’ என்றால் ஒரே சொல். கம்ப்யூட்டருக்கு இவை இரண்டும் வேறு வேறு.

தமிழ் எழுத்திலேயே தேட முடிவது பெரிய வசதி. முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தமிழ் எழுத்துக்கு ஒவ்வொரு கணக்கு வைத்திருந்தது. ஓரிடத்தில் அடித்த தமிழ் இன்னோர் இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். 1991-இல் யூனிகோடு என்ற உலகப் பொது முறை வந்தது. அதில் தமிழுக்கும் இடம் கொடுத்தார்கள். அது பரவிய பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது.

அக்காவின் சீட்டு

அக்காவுக்காக ஒரு நூலகத்தின் பட்டியலைச் செல்போனில் திறந்தேன். ‘அல்லி அரசாணி மாலை’ என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை. ஆங்கில எழுத்தில் அடித்தேன். அதிலும் இல்லை. அக்காவின் முகம் வாடிவிட்டது. “பரவாயில்லை தம்பி, விடு” என்றார்.

விடவில்லை. சொற்களைச் சேர்த்து அடித்தேன். வந்துவிட்டது! யாரோ ஒருவர் என்றோ அப்படிச் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார். பிரித்து எழுதும் வடிவத்தையும் கூடவே போட்டிருந்தால் அரைமணி நேரம் மிச்சம்.

அடுத்த வாரம் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். சீட்டை நான் எழுத வந்தேன். அக்கா பேனாவை வாங்கிக்கொண்டார். பெயரை எழுதினார். எண்ணை எழுதும்போது 7 போட வேண்டிய இடத்தில் 1 போட்டுவிட்டார். சீட்டுத் திரும்பி வந்தது. அடித்துத் திருத்திக் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் புத்தகம் வந்தது. தாள் பழுப்பேறி, ஓரம் உதிர்ந்து இருந்தது. எழுத்து மட்டும் பெரிதாக, தெளிவாக இருந்தது. அக்கா விரலை வைத்து முதல் வரியைப் படித்தார். அடுத்த வரி வந்ததும் தாத்தாவின் ராகம் நினைவுக்கு வந்துவிட்டது போல. சத்தமாகப் பாடத் தொடங்கிவிட்டார்.

எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, உதட்டில் விரலை வைத்தார்.