மொழிபெயர்ப்பு இல்லாத இதழியல் பாடம்

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியானதும், அபிராமபுரத்தில் எங்கள் தெருவில் இரண்டு மூன்று பெற்றோராவது என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பது வழக்கம். "பிள்ளையை விஸ்காம் சேர்க்கலாமா, ஜர்னலிசம் சேர்க்கலாமா?" நாளிதழ் ஒன்றில் நெடுங்காலம் உதவி ஆசிரியராகப் பணியாற்றியவன், இப்போது கல்லூரிகளில் அவ்வப்போது இதழியல் வகுப்பெடுப்பவன் என்ற முறையில் அவர்களுக்கு என்னால் இயன்ற விளக்கத்தைத் தருவேன். காட்சித் தொடர்பியலில் ஓவியம், ஒளிப்படம், விளம்பரம், குறும்படம், தொலைக்காட்சித் தயாரிப்பு ஆகியவை முதன்மை பெறும். இதழியலில் செய்தி சேகரிப்பு, செம்மையாக்கம், ஊடகச் சட்டம், இதழியல் வரலாறு ஆகியவை முன்னிற்கும். இரண்டுக்கும் பொதுவான தாள்களும் உண்டு. எங்கு படிப்பது என்பதில் சிக்கல் ஏதுமில்லை. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துறை இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் லயோலாவும் எம்.ஓ.பி. வைஷ்ணவ மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. தரமணியில் ஆசிய இதழியல் கல்லூரி இருக்கிறது. எல்லாமே எங்கள் பகுதியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

அந்தப் பெற்றோர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்தப் படிப்பை முடித்தபின் பிள்ளை எந்த மொழியில் வேலை செய்யும் என்பதே அது. தமிழகத்தில் செய்தித் துறையில் நுழையும் இளைஞர்களில் பெரும்பாலோர் சென்று சேரும் இடம் தமிழ் நாளிதழ்கள், தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகள், அவற்றின் இணையதளங்கள். அவர்கள் படிக்கும் பாடமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆங்கில நாளிதழின் செய்தி அறையை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது.

பாடத்திட்டத்தைக் குறை கூறுவது எளிது. அதில் உள்ளவை பயனற்றவை என்று நான் கருதவில்லை. யார், என்ன, எந்த வழியாக, யாரிடம், என்ன விளைவுடன் சொல்கிறார் என்று 1948-இல் ஹெரால்டு லாஸ்வெல் எழுப்பிய ஐந்து வினாக்கள் முதல் பருவத்திலேயே வந்துவிடுகின்றன. மக்கள் எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதை ஊடகம் தீர்மானிக்கிறது என்ற மெக்கோம்ப்ஸ், ஷா ஆகியோரின் 1972-ஆம் ஆண்டு ஆய்வு அடுத்து வரும். ஒரு நடிகரின் திருமணம் மூன்று நாள்களுக்குத் தலைப்புச் செய்தியாக நீடிப்பது ஏன் என்று புரிந்துகொள்ள இந்தக் கோட்பாடு உதவவே செய்யும். ஆனால், இந்தக் கோட்பாடுகளை மனப்பாடம் செய்து தேறிய மாணவர், முதல் நாள் வேலையில் அமர்ந்ததும் அவர் முன் வைக்கப்படுவது செய்தி நிறுவனம் அனுப்பிய ஆங்கிலப் பிரதி ஒன்று. அரை மணி நேரத்தில் அது தமிழில் வேண்டும். அதற்கு அவருக்கு யாரும் பயிற்சி தந்திருக்க மாட்டார்கள்.

தமிழ் இதழியல் தோன்றிய நாள் முதல் மொழிபெயர்ப்பே அதன் அன்றாடத் தொழில். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் வார இதழாகத் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1899-இல் நாளிதழானது. மதுரையில் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதியார் 1904-இல் அதில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த முதன்மையான பணி, ஆங்கிலத்தில் வரும் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவதுதான். 'மெம்பர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தகுந்த தமிழ்ச் சொல் அகப்படாமல் தாம் திண்டாடியதை அவரே பதிவு செய்திருக்கிறார். இன்று 'உறுப்பினர்' என்று நாம் யோசிக்காமல் எழுதுகிறோம். அந்த இடத்துக்கு வந்து சேர எத்தனை மேசைகளில் எத்தனை பேர் முயன்றிருப்பார்கள்! பாரதிக்கு அதற்கென ஒரு கல்லூரி கிடையாது. செய்தி அறையே கல்லூரி.

வகுப்பறையையும் செய்தி அறையையும் இணைக்கும் முயற்சி இந்தியாவில் முதலில் நடந்த இடம் அபிராமபுரத்துக்குத் தெற்கே, ஆற்றைக் கடந்தால் வரும் அடையாறு. 'மெட்ராஸ் ஸ்டாண்டர்டு' நாளிதழை 1914-இல் வாங்கி 'நியூ இந்தியா' என்று பெயர் மாற்றிய அன்னி பெசன்ட், அடையாற்றில் தாம் நிறுவிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 1920-இல் இதழியல் வகுப்பைத் தொடங்கினார். நாட்டின் முதல் முறையான இதழியல் படிப்பாக அது குறிப்பிடப்படுகிறது. மாணவர்கள் 'நியூ இந்தியா' அலுவலகத்துக்குச் சென்று தொழில் பழகினர். அந்த முயற்சி நீடிக்கவில்லை. 1938-இல் அலிகரிலும் 1941-இல் லாகூரிலும் இதழியல் வகுப்புகள் தோன்றின. சென்னைப் பல்கலைக்கழகம் 1947-இல் இதழியல் கல்வியைத் தொடங்கியது. பாடம் தொடர்ந்தது, பக்கத்திலேயே ஒரு பத்திரிகை இருக்க வேண்டும் என்ற எண்ணம் நழுவிப்போனது.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம் 1908-இல் இதழியல் பள்ளியைத் தொடங்கியபோது, வகுப்பு தொடங்கிய முதல் நாளிலேயே மாணவர்கள் ஒரு நாளிதழை வெளியிட்டனர். அந்த ஊர் மக்களுக்கான உண்மையான நாளிதழ் அது. நம் கல்லூரிகளில் 'ஆய்வக இதழ்' என்ற பெயரில் பருவத்துக்கு ஒன்றோ இரண்டோ அச்சாகும். கல்லூரி விழாவும் முதல்வரின் வாழ்த்துரையும் அதில் தவறாமல் இடம்பெறும். வாசிப்பவர்கள் எழுதியவர்களின் பெற்றோர்.

தமிழில் செய்தி எழுதும்போது நேரும் பிழைகள் எத்தகையவை என்பதைச் சொன்னால்தான் என் கவலை விளங்கும். ஒருவர் மீது குற்றச்சாட்டு பதிவாவதற்கு முன் அவரை வழக்கிலிருந்து நீதிமன்றம் விடுவிக்கலாம். விசாரணை முழுதும் நடந்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்யலாம். விசாரணை நிலுவையில் இருக்கும்போது பிணையில் வெளியே அனுப்பலாம். மூன்றும் சட்டத்தின் பார்வையில் முற்றிலும் வேறானவை. நம் தலைப்புகளில் மூன்றுக்கும் 'விடுதலை' என்ற ஒரே சொல் போதுமானதாகிவிடுகிறது. ஆங்கிலப் பிரதியில் மூன்றுக்கும் மூன்று சொற்கள் இருந்திருக்கும். அதுபோலவே 'அக்யூஸ்டு' என்ற சொல் 'குற்றவாளி' ஆகிவிடுகிறது. 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்பது நீளமாக இருக்கிறது, பத்தியில் அடங்கவில்லை என்பார்கள். காவல் துறை கைது செய்த மறுநாளே ஒருவரைக் குற்றவாளியாக்கும் அதிகாரம் நீதிபதிக்கே இல்லை. உதவி ஆசிரியருக்கு இருக்கிறது.

எண்களில் நேர்வது இன்னொரு வகை. ரிசர்வ் வங்கி 2025 ஜூன் மாதம் ரெப்போ வட்டியை 6 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாகக் குறைத்தது. அதை '0.5 சதவீதம் குறைப்பு' என்று எழுதுவது நம் வழக்கம். குறைந்தது அரை சதவீதப் புள்ளி. சதவீதக் கணக்கில் பார்த்தால் குறைவு 8 சதவீதத்துக்கும் மேல். வட்டி விகிதத்தில் வாசகர் ஊகித்துக்கொள்வார். தேர்தல் வாக்கு விகிதத்திலும் வேலையின்மை விகிதத்திலும் இந்தக் குழப்பம் செய்தியையே தலைகீழாக்கிவிடும். பில்லியன் என்பது 100 கோடி என்பதை அறியாமல் இரண்டரை பில்லியன் டாலரை 25 கோடி டாலர் என்று எழுதிக்கொடுத்த பட்டதாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். எந்தத் தாளிலும் இது அவர்களுக்குப் பாடமாக வைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

ஊடகச் சட்டத் தாள் எல்லா இடங்களிலும் இருக்கிறது. பத்திரிகைச் சுதந்திரம், அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு என்று அது விரியும். நடைமுறையில் இளம் செய்தியாளர் முதலில் தடுக்கி விழும் இடம் வேறு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை மட்டும் மறைக்கச் சொல்லவில்லை. முகவரி, ஒளிப்படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. பெயரை நீக்கிவிட்டு, 'அபிராமபுரம் நான்காவது தெருவில் வசிக்கும் இன்னாரின் இளைய மகள்' என்று எழுதினால் என்ன மறைந்தது? இதை விரிவுரையாகச் சொன்னால் மாணவர்கள் தலையசைப்பார்கள். ஓர் ஆங்கிலக் காவல் துறைக் குறிப்பைக் கொடுத்து, தமிழில் பத்து வரி எழுதச் சொன்னால்தான் யார் எதை விட்டார்கள், எதை விடவில்லை என்பது தெரியும். நான் வகுப்பெடுக்கும் இடங்களில் முதல் பயிற்சியாக இதைத்தான் வைக்கிறேன்.

தமிழில் இதழியல் கற்பிக்கப்படவே இல்லை என்று சொல்லவும் கூடாது. நம் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளில் இதழியல் ஒரு விருப்பத் தாளாகப் பல்லாண்டுகளாக இருந்துவருகிறது. மா.பா. குருசாமியின் 'இதழியல் கலை' போன்ற நூல்களைப் படித்துத் தேறியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பர். ஆனால், அங்கே அது இலக்கிய வரலாற்றின் ஒரு கிளையாகவே நடத்தப்படுகிறது. எந்த ஆண்டில் எந்த இதழ் தோன்றியது, யார் ஆசிரியர், அதன் இலக்கியப் பங்களிப்பு என்ன என்பவையே தேர்வு வினாக்கள். ஆக, மொழி தெரிந்த துறையில் தொழில் இல்லை. தொழில் தெரிந்த துறையில் மொழி இல்லை. இரண்டு துறைகளும் ஒரே கல்லூரியில், ஒரே மாடியில் இருந்தாலும் ஒன்றின் மாணவர் மற்றொன்றின் வகுப்பில் அமர முடியாது.

இந்த இடைவெளியை நிரப்பியது பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்கள்தாம். சி.பா. ஆதித்தனார் தம் செய்தியாளர்களுக்கு வகுத்துத் தந்த நெறிகள், எளிய மக்களுக்குப் புரியும் சொல்லில் எழுதுவது எப்படி என்று ஒரு தலைமுறைக்கே கற்றுத் தந்தன. விகடன் நிறுவனம் 1980-களில் தொடங்கிய மாணவப் பத்திரிகையாளர் திட்டம், பொறியியலும் வேளாண்மையும் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தம் சொந்த மாவட்டத்திலிருந்து செய்தி எழுத வைத்தது. அதில் பழகியவர்களை இன்றைக்குத் தமிழ் ஊடகங்கள் பலவற்றில் காணலாம். எழுதிய செய்தி அச்சாவதா, குப்பைக்குப் போவதா என்பதே அங்கு மதிப்பெண். அந்த மதிப்பெண் முறையைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வது கடினம் என்பது எனக்கும் தெரியும்.

2025-இல் தமிழக அரசு தொடங்கிய சென்னை இதழியல் நிறுவனம் ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பில் தமிழுக்கும் இடமளித்திருக்கிறது. வரவேற்கத்தக்கது. அங்கே தமிழ் வகுப்பு ஆங்கில வகுப்பின் நகலாக இராமல் தனக்குரிய பயிற்சிகளை உருவாக்கிக்கொள்கிறதா என்பதைச் சில ஆண்டுகள் கழித்துத்தான் மதிப்பிட முடியும்.

இதழியலாளருக்குப் பட்டம் கட்டாயமா என்ற விவாதம் தனி. இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் தலைவராக இருந்த மார்க்கண்டேய கட்ஜு, 2013-இல் குறைந்தபட்சத் தகுதியை வரையறுக்க ஒரு குழுவையே அமைத்தார். கருத்துரிமையைப் பட்டத்தோடு முடிச்சிடுவது ஆபத்து என்று அன்று பலர் எதிர்த்தனர். நானும் எதிர்ப்பவர்கள் பக்கமே. பட்டம் கட்டாயமில்லை என்பதனாலேயே, மூன்று ஆண்டுகளையும் பெற்றோரின் பணத்தையும் கொடுத்துப் படிப்பவருக்கு அந்தப் படிப்பு உருப்படியான ஒன்றைத் தந்தாக வேண்டும்.

இப்போது செய்தி அறைகளில் மொழிபெயர்ப்பை இயந்திரம் செய்கிறது. இனி எதற்கு இந்தப் பயிற்சி என்று சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். இயந்திரம் தரும் தமிழ் வியக்கத்தக்க அளவு மேம்பட்டிருக்கிறது என்பது உண்மை. அது தரும் வாக்கியம் தயக்கமின்றி, வழவழப்பாக வந்து விழும். அதில் 'விடுவிப்பு' இருக்க வேண்டிய இடத்தில் 'விடுதலை' இருந்தால், ஆங்கில மூலத்தையும் சட்டத்தையும் தமிழையும் ஒருங்கே அறிந்த ஒருவரால்தான் அதைப் பிடிக்க முடியும். முன்பு எழுதக் கற்றால் போதும். இனி, பிறர் எழுதியதில் பிழை காணவும் கற்க வேண்டும். அது கூடுதல் வேலை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அன்று. ஆறு பருவங்களில் இரண்டில் 'செய்தி மொழிபெயர்ப்பு' என்று ஒரு செய்முறைத் தாள். வாரத்துக்கு நான்கு மணி நேரம். நீதிமன்ற உத்தரவு, நிதிநிலை அறிக்கை, காவல் துறைக் குறிப்பு, மாநகராட்சித் தீர்மானம் ஆகிய நான்கும் ஆங்கிலத்தில், விடை தமிழில். கற்பிக்க ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர்கள் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் தெருவுக்கு ஒருவராவது கிடைப்பார்கள். தேர்வு மூன்று மணி நேரம் வேண்டாம். அரை மணி போதும். செய்தி அறையில் கிடைப்பதும் அவ்வளவு நேரந்தான்.