பிள்ளையவர்களின் தர்மசங்கடம்

பெரிய தர்மசங்கடங்கள் ஒரு மனிதனுடைய ஆயுட்காலத்தில் ஓரிரு முறைதான் நேர்கின்றன. அவை நேரும்போது வழி காட்டுவதற்கு இதிகாசங்களும் நீதி நூல்களும் பெரியோர் வாக்கும் துணை நிற்கின்றன. ஆனால் ஒருவர் பாடி முடித்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறபோது உள்ளதை உள்ளபடி சொல்வதா, அவர் மனம் நோகாதபடி சொல்வதா; நமக்குப் பிரியமான பாட்டு நாம் வணங்குகிற ஒருவருக்குப் பிரியமில்லாதது என்று தெரிந்தால் அதை அவரிடம் மறைப்பதா, துறப்பதா என்பன போன்ற சிறு சங்கடங்கள் வாரத்துக்கு ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு எந்த ஸ்மிருதியும் விதி வகுத்து வைக்கவில்லை. சென்ற வாரம் கல்யாண வீட்டு நாகசுரத்தையும் அடுத்த வீட்டுத் துக்கத்தையும் பற்றி எழுதினேன். இந்த வாரம் மாயூரத்துக்குப் போவோம்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1815இல் பிறந்து 1876இல் மறைந்தவர். தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் அந்தாதிகளும் அவர் வாக்கிலிருந்து ஆறாகப் பெருகிய காலத்தில், ஏடும் எழுத்தாணியுமாக மாணாக்கர் ஒருவர் பக்கத்தில் இருந்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போவார். கோபாலகிருஷ்ண பாரதியாரோ நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள நரிமணத்தில் பிறந்து, ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயூரத்திலும் வாழ்ந்து, விவாகமே செய்துகொள்ளாமல் சிவபக்தியையும் சங்கீதத்தையுமே குடும்பமாகக் கொண்டவர். அவர் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் அச்சேறுவதற்கு முன்பே ஜனங்களின் வாயில் ஏறிவிட்டன. காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சுக்கார அதிகாரி அவற்றின் அருமையை உணர்ந்து அவை அச்சாவதற்கு உதவ முன்வந்தார். அக்கால வழக்கப்படி ஒரு நூல் வெளிவர வேண்டுமானால், பெரும் புலவர் ஒருவருடைய சிறப்புப் பாயிரம் அதன் முகப்பில் விளங்க வேண்டும். அதை வேண்டியே பாரதியார் பிள்ளையவர்களை நாடிச் சென்றார்.

பிள்ளையவர்களுக்கு அங்கேதான் சங்கடம் பிறந்தது. கீர்த்தனைகளில் இலக்கண வழுக்கள் இருந்தன. பேச்சு வழக்குச் சொற்கள் தாராளமாகக் கலந்திருந்தன. அதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்றும் இருந்தது. பெரியபுராணத்தில் வரும் திருநாளைப்போவார் வரலாற்றில் நந்தனாரை அடக்கி வைக்கும் ஆண்டையாகிய வேதியர் என்ற பாத்திரமே கிடையாது. நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இரவில் அறுவடை செய்து முடித்தால்தான் சிதம்பரம் போக உத்தரவு என்று அவர் விதிக்கும் நிபந்தனையும் கிடையாது. அவையெல்லாம் பாரதியாருடைய சிருஷ்டி. சேக்கிழார் வாக்கை வேதமாகக் கொண்டவரும், அந்தச் சேக்கிழார்மீதே பிள்ளைத்தமிழ் பாடியவருமான ஒருவர், அடியார் சரித்திரத்தை மாற்றி எழுதிய நூலுக்குத் தம் கையால் எவ்வாறு பாயிரம் எழுதுவார்? எழுத முடியாது என்று ஒரு முதியவரிடம், அதுவும் பரம பக்தரிடம், முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வார்? ஆகவே அவர் பின்னொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம் என்று கடத்திக்கொண்டே வந்தார். பாரதியாரும் சளைக்காமல் நடந்துகொண்டே இருந்தார்.

இந்த வரலாற்றை நமக்கு எழுதிவைத்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். ஒரு நாள் பகற்போஜனத்துக்குப் பின் பிள்ளையவர்கள் உள்ளே சயனித்திருந்த வேளையில் பாரதியார் வந்திருக்கிறார். உறங்குகிறவரை எழுப்புவது முறையன்று என்று வெளியே அமர்ந்து, பொழுது போவதற்காகத் தம் கீர்த்தனங்களைத் தமக்குத்தாமே மெல்லப் பாடத் தொடங்கினார். கேட்பவர் எவருமில்லை என்ற எண்ணத்தில் பாடப்படும் பாட்டுக்கு ஒரு தனி உண்மை உண்டு. சபையைக் கவர வேண்டும் என்ற நினைவு அதில் ஒட்டாது. தில்லையை நெருங்கியும் உள்ளே போகத் துணியாமல் நந்தன் எல்லையில் நின்று உருகும் மாஞ்சி ராகக் கீர்த்தனம் உள்ளே படுத்திருந்தவருடைய செவியில் விழுந்தது. ஏட்டில் கண்ட வழுக்களைச் செவி காணவில்லை. நந்தனுடைய ஏக்கத்தையே கேட்டது. பிள்ளையவர்கள் மனம் உருகி எழுந்து வந்தார். அதுவரை கடத்தி வந்த பாயிரத்தை அதற்குப் பின் அவர் மறுக்கவில்லை.

இதைச் சொல்கிறவர்கள் பலரும், இலக்கணம் தோற்றது, பக்தி வென்றது என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது உடன்பாடு இல்லை. பிள்ளையவர்கள் வழுவை வழுவன்று என்று சொல்லவில்லை. பெரியபுராணத்தில் இல்லாததை இருப்பதாகச் சாதிக்கவுமில்லை. தாம் முன்பு கண்ணால் மட்டும் பரிசோதித்த பொருள் கண்ணுக்காகச் செய்யப்பட்டதன்று, செவிக்காகச் செய்யப்பட்டது என்பதை அறிந்தவுடன், அதற்கு உரிய இடத்தில் வைத்து அதை மதிப்பிட்டார். தாம் உண்மையாக அனுபவித்ததற்கு உண்மையாகச் சாட்சி சொன்னார். கேளாமலே தாட்சிணியத்துக்காகப் பாயிரம் கொடுத்திருந்தால் அது பொய்ச்சாட்சியாக இருந்திருக்கும். கேட்ட பின்னும் மறுத்திருந்தால், அதுவும் ஒருவகைப் பொய்யே ஆகியிருக்கும்.

நவராத்திரி நாட்களில் இந்தச் சங்கடம் நம் வீடுகளுக்கே நடந்து வருகிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கொலுவில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி பாட உட்கார்ந்தாள். எடுத்த சுருதி அவள் குரலுக்கு மேலே இருந்தது. அனுபல்லவிக்கு ஏறும்போது குரல் பிசிறி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் சரிந்தது. கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு, எப்படியோ சரணத்தைப் பாடி முடித்தாள். வெற்றிலை பாக்கும் சுண்டலுமாக வந்த தாயார் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். எல்லாரும் பேஷ் என்றார்கள். நானும் சொன்னேன். சங்கீதம் அறிந்த ஒரு பெரியவர் மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லாமல், "சரணத்தில் இரண்டாவது அடி இருக்கிறதே, அதை மறுபடியும் பாடு, குழந்தை, அரைக் கட்டை குறைத்துக்கொள்" என்று தாமே சுருதிப்பெட்டியைத் திருத்தி வைத்தார். அவள் பாடினாள். அந்த ஓர் அடி நன்றாகவே இருந்தது. முன்பு பாடியபோதும் அது ஒன்றுதான் நன்றாக இருந்தது என்பது பிறகுதான் எங்களுக்கு நினைவு வந்தது. அதைப் பொறுக்கி எடுப்பதற்கு அவர் முழுப் பாட்டையும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? சுலபமாகப் பேஷ் சொன்ன எங்களில் எத்தனை பேர் அப்படிக் கேட்டிருந்தோம்?

பாரதியாரைப் பற்றிய வேறொரு வரலாறும் இங்கே சொல்லத்தக்கது. அவர் திருவையாற்றுக்குச் சென்று தியாகராஜ ஸ்வாமிகளைத் தரிசித்தபோது, அங்கே சிஷ்யர்கள் ஆபோகி ராகத்தில் ஒரு கீர்த்தனத்தைப் பாடிக்கொண்டிருந்தார்களாம். இந்த ராகத்தில் நீர் ஏதாவது செய்திருக்கிறீரா என்று ஸ்வாமிகள் கேட்டார். பாரதியார் செய்ததில்லை. அவர் பதில் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, அடுத்த நாளைக்குள் ஆபோகியில் தில்லைச் சபாபதியைப் பற்றி ஒரு கீர்த்தனம் இயற்றிக்கொண்டு வந்து பாடினார். அந்த மௌனத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாளே அவர் அந்தக் கடனைத் தீர்த்துவிட்டார்.

ஆனால் எல்லா மௌனங்களும் அவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிடுவதில்லை. 1871ஆம் ஆண்டில், பதினாறு வயது இளைஞராகச் சாமிநாதையர் பிள்ளையவர்களிடம் தமிழ் கற்பதற்காக மாயூரம் வந்து சேர்ந்தார். அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். கனம் கிருஷ்ணையரிடம் குருகுலவாசம் செய்தவர். மகன் தமிழ் கற்பது ஒருபுறமிருக்க, குடும்ப வித்தையாகிய சங்கீதத்தைக் கைவிடலாகாது என்பது அவர் எண்ணம். அந்த ஊரிலேயே பாரதியார் இருப்பது தெய்வ சங்கற்பமாகத் தோன்றவே, மகனை அவரிடமும் ஒப்புவித்தார். ஆக, ஒரே ஊரில் இரண்டு ஆசான்கள். ஓரிடத்தில் பிரபந்தங்களும் புராணங்களும்; மற்றோரிடத்தில் கீர்த்தனங்கள். பிள்ளையவர்களுக்குச் சங்கீதப் பயிற்சியில் விருப்பம் இல்லை என்பதைக் குறிப்பால் உணர்ந்திருந்த மாணாக்கர், தாம் பாரதியாரிடம் போய் வருவதைத் தாமாகச் சொல்லவில்லை. கேட்கவில்லை, ஆதலால் சொல்லவில்லை என்று சமாதானம் செய்துகொள்ளலாம். ஆயினும் சொல்லாமல் இருந்த ஒவ்வொரு நாளும் அந்த இளைஞருடைய நெஞ்சில் ஒரு கனம் ஏறியிருக்கும்.

பின்னர் ஆசிரியருக்கு விஷயம் தெரியவந்தது. அவர் கோபிக்கவில்லை, சங்கீதத்தில் மிகுதியாகப் பழகினால் இலக்கண இலக்கியங்களில் புத்தி தீவிரமாகச் செல்லாது என்ற தம் கருத்தை மட்டும் தெரிவித்தார். சாமிநாதையர் அத்துடன் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். தந்தையின் விருப்பம் ஒருபக்கம், தம் செவிக்கு இருந்த இயல்பான நாட்டம் ஒருபக்கம், அறுபது வயதான பாரதியார் அன்போடு கற்பித்துவந்த நன்றி ஒருபக்கம். இவ்வளவையும் ஒரு தட்டில் வைத்து, மற்றொரு தட்டில் தாம் எவரைத் தேடி வந்தாரோ அவருடைய ஒரு வார்த்தையை வைத்தார்.

இங்கேதான் நான் இந்த இரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் பார்க்கிறேன். மாணாக்கருக்குச் சங்கீதம் வேண்டாம் என்று சொன்னவர், அதே பாரதியாருடைய பாட்டைக் கேட்டுச் சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன்பு உருகியவர் அல்லவா? பாட்டின் அருமை தெரியாதவர் விதித்த தடையாக இதைக் கருத முடியாது. யோசிக்குந்தோறும் எனக்குத் தோன்றுவது இதுதான்: முதிர்ந்த இலக்கணப் புலவராகிய தம்மையே, பல நாள் உறுதியாக வைத்திருந்த ஓர் ஆட்சேபத்தை ஒரு நடுப்பகலில் விடும்படி செய்த சக்தி, பதினாறு வயதுப் பிள்ளையின் மனத்தை என்ன செய்யும் என்பதை அவரைக் காட்டிலும் நன்றாக அறிந்தவர் யார்? அனுபவித்து அறிந்த பலத்துக்கு அஞ்சியே அவர் விலக்கியிருக்க வேண்டும். இது என் ஊகமே. ஊகமாயினும், அந்தத் தடையைக் குறுகிய மனத்தின் செயலென்று கருத என்னால் இயலவில்லை.

அதற்காக அது முழுவதும் சரியென்றும் நான் சொல்லமாட்டேன். பரீட்சை வருகிறது என்று பெண்ணின் பாட்டு வகுப்பை நிறுத்திவிடும் பெற்றோர்களை வருஷந்தோறும் பார்க்கிறோம். தம்பூராவுக்கு உறை போட்டு அலமாரியின்மேல் ஏற்றிவிடுகிறார்கள். வாத்தியாருக்கு அந்த மாதச் சம்பளத்தை மட்டும் கணக்காகக் கொடுத்தனுப்புகிறார்கள். பரீட்சை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அநேகமாக மறுபடி ஆரம்பிப்பதில்லை. அவர்களைக் கடிந்துகொள்வது சுலபம். ஆனால் இரண்டு நன்மைகள் எதிரெதிரே நிற்கும்போது ஒன்றை விட்டே தீரவேண்டும் என்ற நிலை அவர்களுக்கும் உண்டு. எனக்குள்ள குறை வேறு. பிள்ளையவர்கள் காரணத்தைச் சொல்லி முடிவை மாணாக்கரிடமே விட்டார்; நம் வீடுகளில் அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டால் அவளே நிறுத்தவும் கூடும். நிறுத்தினாலும் அது அவள் செய்த தியாகமாக இருக்கும்.

கைவிட்ட சங்கீதம் சாமிநாதையரை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகர் சங்கீதத்தில் மிக்க ரசனை உள்ளவர். செய்யுட்களை ராகத்தோடு படிக்கும் இளைஞருடைய குரல் அங்கே மதிப்புப் பெற்றது. ஒரு விருத்தத்தைத் தோடியிலோ பைரவியிலோ சொல்லிக் கேட்கும்போது அதன் பொருள் மேலும் விளங்குகிறது என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆதலால் மாணாக்கர் துறந்ததாக நினைத்தது, அவர் தேடி வந்த தமிழுக்கே ஊழியம் செய்தது.

பின்னாளில், சங்க நூல்களைச் சுவடிகளிலிருந்து மீட்டு அச்சேற்றிய பெரும்பணி நடந்து முதுமையும் வந்த பிறகு, அவர் பிள்ளையவர்களுடைய சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதினார். கோபாலகிருஷ்ண பாரதியாருக்கும் தனியே ஒரு சரித்திரம் எழுதினார். ஒருவரை உயர்த்துவதற்காக மற்றவரைத் தாழ்த்தும் வாக்கியம் ஒன்றுகூட அவற்றில் என் கண்ணில் படவில்லை. பாயிரம் தர மறுத்த காலத்தையும் அவர் மறைக்கவில்லை, உருகி எழுந்து வந்த வேளையையும் மறைக்கவில்லை.

நந்தனார் கதை அதற்குள் மேடையிலிருந்து திரைக்குப் போய்விட்டது. 1935இல் வந்த படத்தில் நந்தனாராகப் பாடி நடித்தவர் ஒரு பெண்மணி, கே. பி. சுந்தராம்பாள், வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதையர். கணவர் கிட்டப்பா 1933இல் மறைந்தபின் மேடையையே துறந்து வெள்ளுடை உடுத்தியிருந்த அந்த அம்மையார், மறுபடியும் பாட வருவதா வேண்டாமா என்று தவித்த தவிப்பை அடுத்த வாரம் சொல்கிறேன்.