உறுமி போல வழுக்கும் பேஸ்: ஏன்? எப்படி?

மலேசியாவின் தஞ்சோங் டாவாய், சுங்கை பட்டாணி பக்கத்துத் தமிழர்களுக்கு உறுமி மேளம் புதிதல்ல. வளைந்த குச்சி தோலில் உரசும்போது, அடிவயிற்றை உலுக்கும் ஒலி அறுபடாமல் வழுக்கி ஏறும். ஹவுஸ் எனும் மின்னணு நடன இசையின் பேஸுக்கும் இந்த வழுக்கல் உயிரூட்டும்.

கணினியில் இந்த பேஸ் எப்படி உருவாகிறது? மென்பொருள் சிந்தசைசரில் முதலில் ரம்பப்பல் வடிவ அலையை எடுக்கிறார்கள். 55 ஹெர்ட்ஸ் சுரம் என்றால் 110, 165, 220 என மேல்சுரங்களும் அதில் அடக்கம். ஃபில்டர் அவற்றை வெட்டுகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் அது சட்டென்று திறந்து மூடும்போது 'வாவ்' என்ற ஒலி பிறக்கிறது.

கால் ஏன் ஆடுகிறது? நிமிடத்துக்கு 120 அடி என்றால், அடிக்கு அரை விநாடி. ஒவ்வோர் அடியிலும் கிக் டிரம் விழ, பேஸ் இடைவெளியில் புகுந்து ஒரு ஸ்தாயி தாவுகிறது. தாழ்ந்த ஒலிகள் இரண்டும் மோதாததால் இரண்டுமே துல்லியமாகக் கேட்கின்றன.

1982இல் மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் டிபி-303 பேஸ் கருவியைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தார். அதன் 'ஸ்லைடு' வசதி சுரங்களை வழுக்கலாக இழைத்தது. சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதே கருவியில் உருவாக்கிய ஹவுஸ் இசைத்தட்டான 'ஆசிட் டிராக்ஸ்' வெளிவந்தது 1987இல்தான்!

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் 55 ஹெர்ட்ஸைச் சரியாக எழுப்ப முடியாது. ஆனால் அதன் மேல்சுரங்கள் காதில் விழுந்தாலே போதும். விடுபட்ட அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் பேஸில் சிறிது ஒலிச்சிதைவு (டிஸ்டார்ஷன்) சேர்த்து மேல்சுரங்களைக் கூட்டுகிறார்கள்.