கூட்டத்தின் ஓசையும் ஊரார் கருத்தும்

நம் ஆத்தூர் போன்றதொரு நகரின்கண் பெருங் கட்டடமொன்று எழுப்பக் கருதுங்கால், அக்கம்பக்கத்தார் அதனை விரும்புகின்றனரா என்பதை எங்ஙனம் அறிவது? கூட்டங் கூட்டிக் கேட்டால் தெரிந்துவிடும் என்பர் பலர். கூட்டத்தில் எழும் ஓசை வேறு, ஊரார் கருத்து வேறு என்பது எம் துணிபு.

முதற்கண் சட்டத்தை நோக்குவோம். சுரங்கம், பேராலை முதலியவற்றுட் பலவற்றிற்கு, 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை விதிக்கின்றது. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். கட்டடங்களுக்கோ அவ்வறிவிக்கையே விலக்களித்துள்ளது! ஆகவே, கட்டடம் பற்றி வாய்திறக்க விரும்புவார்க்குக் கிராமங்களில் கிராமசபையும், நகரங்களில் 2022 நவம்பர் 1-இல் முதன்முதல் கூடிய பகுதிச் சபைகளுமே பெரிதும் துணையாவன.

அச்சபைகளில் வருவோர் எத்துணையர்? 10,000-க்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஊராட்சியில் 300 பேர் வந்தாற் போதும், கிராமசபை செல்லும். எஞ்சியோர் யாவர் என்பதே வினா. நண்பகலிற் கூட்டம் வைப்பின், சவ்வரிசி ஆலைக் கூலியாளர் வாரார். கைக்குழந்தையுடைய தாய்மார் வாரார். வாடகைக் குடியினர் வந்தாலும் பேசார். கட்டடம் வந்தால் மனைக்குரியவன் விலை பெறுவான். வாடகைக்கு இருப்பவனோ வீட்டை இழப்பான். இவ்விருவர் குரலையும் ஒருங்கே எண்ணுதல் நீதியாகாது. (கூட்டத்தில் தேநீர் வழங்குவது யார் செலவில் என்று பார்த்தலும் நன்று.)

ஒருநாட் கூச்சல் சினமாயிருக்கலாம். மீண்டும் மீண்டும் எழுவதே கருத்து. 2022-இல் பரந்தூர் விமான நிலையத் திட்டம் வெளிப்பட்டபோது, காஞ்சிபுரம் ஜில்லா ஏகனாபுரத்தார் அவ்வாண்டு ஆகஸ்டு 15-இல் கிராமசபையில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினர். பின்னரும் பன்முறை அதனையே நிறைவேற்றினர். அங்கு ஊரார் உள்ளம் யாதென ஐயுற இடமில்லை. எனினும் 2025-இல் நடுவணரசு அத்திட்டத்திற்குக் கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. அறிதல் வேறு, அதற்கு இணங்குதல் வேறு.

ஆத்தூரில் யாம் வேண்டுவது சிறிது. ஒரே பொருள் பற்றி இருமுறை கூடுக. ஒன்று மாலையில் ஆகுக. 'வேண்டுமா, வேண்டாவா' என்று மட்டும் வினவற்க. எத்தனை மாடி, வண்டிகள் நிற்பது எவ்விடம், கழிவுநீர் வசிட்ட நதியிற் கலக்குமா என்று வினவுக. வாராதார் வீடுதோறும் இருவர் சென்று கேட்டு, அவர் சொல்லை அவர்தம் மொழியிலேயே எழுதிவந்து அடுத்த கூட்டத்திற் படிக்கட்டும்.