கொல்லைப்புறத் தீக்குழியும் அதன் விதிகளும்

ஐக்கிய அமெரிக்காவில், மாலை வேளைகளில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கற்களை வட்டமாக அடுக்கியோ இரும்புத் தொட்டியை வைத்தோ விறகு மூட்டி, சுற்றத்தாருடன் அமர்ந்து குளிர்காய்வது பெருவழக்கு. ஆயினும் சொந்த நிலத்தில் எரியும் அக்கினியின் பொறியும் புகையும் வேலியோடு நின்றுவிடுவதில்லையாதலால், அதற்கு நிபந்தனைகள் பல ஏற்பட்டிருக்கின்றன.

இவற்றுள் பெரும்பாலானவை சர்வதேசத் தீ விதித்தொகுப்பு என்னும் மாதிரிச் சட்டத்தினின்றும் பிறந்தவை. அதை மாநிலங்களும் நகரங்களும் தத்தம் தேவைக்கேற்பத் திருத்தி அமல் செய்கின்றன. அதன்படி, தரையில் மூட்டும் தீயின் விறகுக் குவியல் 3 அடி விட்டத்தையும் 2 அடி உயரத்தையும் மிஞ்சலாகாது. கட்டடத்திலிருந்தும் எளிதில் பற்றக்கூடிய பொருள்களிலிருந்தும் 25 அடி விலகியிருத்தல் வேண்டும். இந்த அளவுகள் அர்த்தமற்ற கெடுபிடிகள் அல்ல. தீயினின்று நாற்புறமும் வீசும் உஷ்ணம், தூரம் இரட்டிக்கும்போது ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குன்றிவிடும். ஆனால் காற்றில் ஏறிச் செல்லும் பொறிக்கு இக்கணக்கு பொருந்தாது. ஆகையினாலேயே, வறட்சியும் பலத்த காற்றும் சேரும் நாட்களில் தேசிய வானிலைச் சேவை செங்கொடி எச்சரிக்கை விடுத்ததும், பல ஊர்களில் தீ மூட்டுவதே தடைப்பட்டுவிடுகிறது.

தீ முற்றிலும் அணையும்வரை ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். தீயணைப்புக் கருவியோ, மணலோ, தண்ணீர்க் குழாயோ கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஜுவாலை அடங்கிய பின்னரே அபாயம் மிகுதி என்பது என் எண்ணம். ஏனெனில் சாம்பல் உஷ்ணத்தை வெளிவிடாமல் மூடிக் காப்பதால், அதன் அடியிலுள்ள கங்கு மறுநாள்வரைகூடக் கனன்றுகொண்டிருக்கும். நீரூற்றிக் கிளறி, மீண்டும் நீரூற்றி, சூடு அறவே தணிந்ததா என்று சோதிப்பது அவசியம்.

எரிக்கத் தக்கது உலர்ந்த விறகு மட்டுமே. ஈர விறகில் உஷ்ணத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிட, தீயின் வெப்பம் குறைந்து, எரியாத வாயுக்களும் நுண்துகள்களும் புகையாக வெளியேறி சுவாசகோசத்தைத் தாக்குகின்றன. வர்ணம் பூசிய பலகையும் இரசாயனம் ஏற்றிய மரமும் கூடவே கூடா. பழைய வேலிப் பலகைகள் சிலவற்றில் ஏற்றியிருந்த ஆர்சனிக் விஷம் சாம்பலிலும் தங்கிவிடும்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பிரதேசத்தில், காற்று மாசு மிகும் என்று அறிவிக்கப்படும் நாட்களில் வீட்டுக்குள்ளும் வெளியிலும் விறகெரிப்பது சட்டவிரோதம். இவ்விதிகளுள் மிகவும் நியாயமானதாக எனக்குத் தோன்றுவது வேறொன்று: அளவுகள் யாவும் சரியாயிருப்பினும், புகை அண்டை வீட்டாருக்கு உபத்திரவமாயிற்றெனில், தீயை உடனே அணைக்குமாறு உத்தரவிடத் தீயணைப்பு அதிகாரிக்குப் பல ஊர்களின் சட்டங்கள் அதிகாரம் அளிக்கின்றன.