முரளியின் முழங்கையும் எல்லைக்கோட்டில் நிற்கும் கைத்தொலைபேசிகளும்

பாடசாலை கிரிக்கெட் போட்டி நடக்கும் மைதானம் ஒன்றை இப்போது ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். பழைய மாணவர்களின் கூடாரத்தில், மதிலின் மேல், மர நிழலில் என்று எங்கும் கைத்தொலைபேசிகள் ஆடுகளத்தை நோக்கித் திரும்பியிருக்கும். நடுவர் ஒரு ரன் அவுட்டுக்கு விரலை உயர்த்தினால், அடுத்த பந்து வீசப்படுவதற்குள் பார்வையாளர்களிடையே ‘மீள்பரிசீலனை’ முடிந்துவிடும். மாலையில் அதே காணொளி பேஸ்புக்கில் வரும். சிலவேளை அதில் இருப்பது ரன் அவுட் அல்ல, ஒரு பதினைந்து வயதுப் பந்துவீச்சாளரின் கை. கீழே, “இது பந்துவீச்சா, எறியா?” என்று நூறு பின்னூட்டங்கள்.

விளையாட்டுக்குள் தொழில்நுட்பம் வந்தது நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் எனக்குச் சலித்துவிட்டது. கமரா எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கான விடையில் பெரும்பகுதி இலங்கைக் கிரிக்கெட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1992 நவம்பரில் தென்னாபிரிக்காவின் டர்பன் மைதானத்தில் சச்சின் டெண்டுல்கர் ரன் அவுட் ஆனார். தொலைக்காட்சி மறுஒளிபரப்பைப் பார்த்து மூன்றாவது நடுவர் வழங்கிய தீர்ப்பால் ஆட்டமிழந்த முதல் துடுப்பாட்ட வீரர் அவர்தான். மூன்றாவது நடுவர் என்ற யோசனையை முன்வைத்தவராக அறியப்படுபவர் ஓர் இலங்கையர், கிரிக்கெட் எழுத்தாளர் மஹிந்த விஜேசிங்க. வீரர்களே தீர்ப்பை மேன்முறையீடு செய்யும் முறை தன்னுடைய யோசனை என்று இலங்கைச் சட்டத்தரணி சேனக வீரரத்ன நீண்ட காலமாக உரிமை கோரி வருகிறார். நீதிமன்றத்தில் மேன்முறையீடு இருக்கும்போது மைதானத்தில் ஏன் இருக்கக்கூடாது என்பது அவரது வாதம். ஒரு சட்டத்தரணிக்குத் தோன்றக்கூடிய யோசனைதான்!

அந்த முறை, இன்று நாம் டி.ஆர்.எஸ் என்று அழைப்பது, முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டதும் இங்கேதான். 2008இல் இந்திய அணி இலங்கைக்கு வந்தபோது கொழும்பு எஸ்.எஸ்.சி மைதானத்தில் தொடங்கிய டெஸ்ட் தொடரில் அது நடந்தது. இந்திய அணியின் மேன்முறையீடுகளில் ஒன்று மட்டுமே வெற்றி பெற்றது. அதன்பின் இந்தியக் கிரிக்கெட் சபை இந்த முறையைப் பல வருடங்கள் எதிர்த்தது. இரு நாடுகளுக்கிடையிலான டெஸ்ட் தொடர்களில் அதை ஏற்றுக்கொண்டது 2016இல்தான்.

டி.ஆர்.எஸ்ஸில் ரசிகர்களை அதிகம் எரிச்சலூட்டுவது ‘அம்பயர்ஸ் கோல்’. எல்.பி.டபிள்யூ மேன்முறையீட்டில் பந்து விக்கெட்டை இலேசாக உரசும் என்று திரை காட்டினாலும், நடுவர் ஆட்டமிழப்பு இல்லை என்று சொல்லியிருந்தால் அந்தத் தீர்ப்பே நிற்கும். காரணம் எளியது. பந்து காலில் படும்வரை அது சென்ற பாதையைக் கமராக்கள் பார்த்திருக்கின்றன. அதற்குப் பிறகு திரையில் ஓடுவது கணினியின் கணிப்பு. கணிப்பில் சிறு பிழை இருக்கலாம் என்பதை விதியே ஏற்றுக்கொண்டு, அந்த ஓரத்தை மனிதரிடம் விட்டுவைத்திருக்கிறது. என் பார்வையில் டி.ஆர்.எஸ்ஸின் மிக நேர்மையான பகுதி அதுதான்.

இனி முரளி.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். நடுவர் டரல் ஹெயார், முத்தையா முரளிதரனின் பந்துகளை எறிபந்து என்று கூறி ஏழு தடவை ‘நோ போல்’ அறிவித்தார். அடுத்த வருடம் அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் முரளியின் கை சோதிக்கப்பட்டது. பிறவியிலேயே அவரால் முழங்கையை முழுமையாக நீட்ட முடியாது. அந்த மடிந்த கை, அசாதாரணமாகச் சுழலும் தோளோடும் மணிக்கட்டோடும் சேரும்போது எறிவது போன்ற ஒரு கண்மயக்கைத் தருகிறது என்பதே முடிவு.

கண்மயக்கு என்றால் சாக்குப்போக்கு என்று அப்போது சிரித்தவர்கள் பலர். இதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். இரவில் ஒரு விளக்கின் முன் நின்று, முழங்கையைச் சற்று மடித்து, அந்த மடிப்பை மாற்றாமல் தோளை மட்டும் சுழற்றுங்கள். சுவரில் விழும் நிழலைக் கவனியுங்கள். நிழலில் கை ஓரிடத்தில் மடிந்தும், இன்னோரிடத்தில் நேராகவும் தெரியும். உங்கள் முழங்கை அசையவேயில்லை. ஒற்றைக் கமரா பிடிக்கும் படமும் அந்த நிழலைப் போலத்தான்.

அதனால்தான் ஆய்வுகூடத்தில் ஒரு கமரா போதாது. வீச்சாளரின் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றில் ஒளியைத் தெறிக்கும் சிறு குமிழ்களை ஒட்டி, சுற்றிலும் வைத்த பல கமராக்களால் முப்பரிமாணத்தில் அளக்கிறார்கள். பெருமூளை வாதம் உள்ள சிறுவர்களின் நடையை மருத்துவர்கள் ஆராய்வதற்கும், சினிமாவில் கணினிப் பாத்திரங்களை நடக்க வைப்பதற்கும் பயன்படுவது இதே முறைதான்.

2004இல் முரளியின் ‘தூஸ்ரா’ பந்து குறித்து மீண்டும் முறைப்பாடு எழுந்தது. அன்றைய விதிப்படி சுழற்பந்து வீச்சாளர் முழங்கையை 5 பாகை வரையே நிமிர்த்தலாம். வேகப்பந்து வீச்சாளருக்கு 10 பாகை. முரளி வரம்பைக் கடந்தார். ஆனால் இதே கருவிகளை மற்றவர்களின் கைகளுக்கும் திருப்பியபோதுதான் விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. ‘சுத்தமான’ கைகள் என்று எல்லோரும் நம்பிய வேகப்பந்து வீச்சாளர்களும் முழங்கையை நிமிர்த்தினார்கள். சிலர் பத்துப் பாகைக்கும் மேல். வெற்றுக் கண்ணுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். பழைய விதியை அப்படியே பின்பற்றினால் ஏறக்குறைய எல்லாப் பந்துவீச்சாளர்களையும் வீட்டுக்கு அனுப்பவேண்டிய நிலை. 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என்று ஐ.சி.சி விதியை மாற்றியது. முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. அவர் 2010இல் காலியில் தனது கடைசிப் பந்தில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார்.

இந்த விளக்கங்களை வைத்துக்கொண்டு எல்லைக்கோட்டில் நிற்கும் கைத்தொலைபேசிக்கு வருவோம்.

சாதாரணமாக அது வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும். மணிக்கு 130 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து, இரண்டு படங்களுக்கு இடையில் 1.2 மீற்றர் நகர்ந்துவிடும். துடுப்பில் பட்டதா என்பது அந்த இடைவெளிக்குள் காணாமல் போகலாம். வினாடிக்கு 6 மீற்றர் ஓடும் துடுப்பாட்ட வீரர் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 20 சென்ரிமீற்றர் கடக்கிறார். ஆகவே அரைச் சாண் வித்தியாசத்தில் நடந்த ரன் அவுட்டை இந்தக் காணொளியால் தீர்க்க முடியாது. கோட்டுக்கு நேராக நிற்காமல் சரிவாக நின்று எடுத்திருந்தால் இன்னும் மோசம். பந்துவீச்சாளரின் கை கிடைநிலைக்கு வந்ததிலிருந்து பந்தை விடும் வரையான நேரம் கிட்டத்தட்ட பத்தில் ஒரு வினாடி. அதில் கிடைப்பது மூன்று படங்கள். வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் ‘ஸ்லோ மோஷன்’ வசதி இருந்தால் ரன் அவுட் கணக்கு இரண்டரை சென்ரிமீற்றராகக் குறையும். முழங்கை விடயத்தில் அதுவும் உதவாது. எத்தனை படங்கள் எடுத்தாலும் ஒரே கோணம், ஒரே நிழல்.

தேசிய அணி வீரர் ஒருவர் சந்தேகத்துக்குள்ளானால் அவருக்கு ஒரு வழி இருக்கிறது. அகில தனஞ்சயவின் பந்துவீச்சு 2019இல் சென்னையில் உள்ள ஐ.சி.சி அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில் அளக்கப்பட்டது. அதே வருடத்தில் ஒருமுறை அனுமதி கிடைத்தது, மறுமுறை தடை வந்தது. இரண்டும் எண்களின் அடிப்படையில் வந்த முடிவுகள். கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ பாடசாலை அணிக்கு ஆடும் ஒரு பையனுக்கு அந்த வசதி எங்கே? அவனுடைய வழக்கு வட்ஸ்அப் குழுவில் தொடங்கி அங்கேயே முடிகிறது. முரளியைப் பற்றிய பேச்சுக்குப் பதில் சொல்ல அர்ஜுன ரணதுங்கவும் ஒரு கிரிக்கெட் சபையும் இருந்தார்கள். இவனுக்காகப் பேச அவனது பயிற்றுநர் மட்டும்தான்.

கைத்தொலைபேசியைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. வடக்கின் பெருஞ்சமரை ரொறன்ரோவில் இருந்து நேரலையில் பார்க்கும் பழைய மாணவரிடம் அதைச் சொல்லவும் முடியாது. காலடி எங்கே விழுகிறது, தலை சாய்கிறதா, துடுப்பு நேராக வருகிறதா என்பதை ஒரு பிள்ளைக்குக் காட்ட இதைவிட மலிவான கருவி இல்லை. முன்பு “சேர் சொன்னார்” என்று நம்பியதை இப்போது பிள்ளை தானே பார்க்கிறது. கையில் சந்தேகம் இருந்தால், பயிற்றுநர் இரண்டு மூன்று கோணங்களில், ஸ்லோ மோஷனில், பயிற்சி வேளையில் எடுத்துப் பார்க்கலாம். அது தீர்ப்பாகாது. ஆனால் எதைத் திருத்திப் பார்க்கலாம் என்று பிள்ளையோடு இருந்து பேச அது போதும். அந்தக் காணொளி இருக்கவேண்டிய இடம் பயிற்றுநரின் தொலைபேசி, பேஸ்புக் அல்ல.