ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பரீட்சை

கலியாண வீட்டு அடுப்பில் ஐந்து பேர் ஒருவர் அறியாமல் ஒருவர் உப்புப் போட்டால் கறி என்னவாகும் என்று நம் தாய்மாருக்குத் தெரியும். பலர் சேர்ந்து ஒரு மென்பொருளை எழுதும்போதும் இதே சிக்கல்தான். திரியாயில் பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கும் நான் இந்தப் பாடத்தை அடுப்படியில் இருந்துதான் தொடங்குவேன்.

இச்சிக்கலைத் தீர்க்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. முதலாவது, யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று குறித்துவைக்கும் பதிவேடு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் உருவாக்கிய கிட் அத்தகையது. பிழை நேர்ந்தால் முந்திய நிலைக்குத் திரும்பலாம். இரண்டாவது, எழுதிய நிரலை இயங்கும் மென்பொருளாக்கும் வேலைகளை வரிசைப்படி தானே செய்யும் கருவி. 1976 இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் இவ்வகையில் முன்னோடி.

இரண்டையும் இணைத்தால்தான் முழுப் பயன். பதிவேட்டில் ஒரு திருத்தம் ஏறியவுடன், ஜென்கின்ஸ் போன்ற கருவி முழு நிரலையும் புதிதாக எடுத்து, தொகுத்து, பரிசோதனைகளை ஓட்டி, முடிவை அந்தத் திருத்தத்தின் அருகிலேயே குறிக்கிறது. எந்த மாற்றத்தால் மென்பொருள் உடைந்தது என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். “என் கணினியில் சரியாக இருந்ததே” என்ற சாட்டு இங்கே செல்லாது.

இதன் அருமையை நம் கரையோர மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியபின், இலங்கைத் தொண்டர்கள் ‘சகானா’ என்ற மென்பொருளை அவசரமாக எழுதினர். சிங்களத்தில் அதன் பொருள் நிவாரணம். காணாமற்போனோர், முகாம்கள், உதவிப் பொருட்கள் ஆகியவற்றைப் பதிவதே அதன் வேலை. 2005 இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் அது பயன்பட்டது.

இத்தகைய பட்டியலில் ஒருவர் ‘பாத்திமா’ என்றும் இன்னொருவர் ‘ஃபாத்திமா’ என்றும் எழுதியிருப்பார். எப்படித் தேடினாலும் இரண்டு பெயர்களும் வரவேண்டும் என்று ஒரு பரிசோதனை எழுதிவைத்தால், பின்னர் யாராவது தேடும் பகுதியை மாற்றிக் கெடுத்தாலும் கருவி உடனே தடுத்துவிடும். அது இல்லாவிட்டால், மகளின் பெயர் பட்டியலில் இருந்தும் ஒரு தாய் “இல்லை” என்ற பதிலோடு திரும்புவாள்.

ஆனால் நாம் கேட்காத கேள்வியைக் கருவி கேட்காது. பரிசோதனையை யோசித்து எழுதுவது மனிதர் பொறுப்பு. நம் ஊர்ப் பெயர்களை அறிந்த பிள்ளைக்கே அந்தக் கேள்வி தோன்றும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2005 இல் இலங்கையர் முன்னின்று தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் தன் நிரல்களைக் கிட்ஹப்பில் திறந்து வைத்திருக்கிறது. வெளியாரும் திருத்தம் அனுப்பலாம். அனுப்பியவர் கொழும்பிலா திரியாயிலா இருக்கிறார் என்று கருவி பார்ப்பதில்லை.

மாணவிகளே, அடுத்த குழுச் செயற்றிட்டத்தில் நிரலின் முதல் வரிக்கு முன்பே பதிவேட்டைத் திறவுங்கள். முதல் பரிசோதனையையும் அன்றே எழுதுங்கள்.